கழுத்தில் தைத்த முரல்

எத்தனை பேருக்கு அறுவை சிகிச்சை செய்தீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எண்ணி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. ஆனால் போடச் சொல்லியும் நான் போடாமல் நின்ற ஒரு கீறல் நன்றாக நினைவிருக்கிறது. கத்தியைக் கையில் எடுக்கத் தொடங்கியிருக்கும் உங்களுக்கு அதைச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை மருத்துவராகச் சேர்ந்திருந்தேன். சின்ன மருத்துவமனை. ஒரே ஒரு ஆபரேஷன் தியேட்டர், பழைய எக்ஸ்ரே இயந்திரம் ஒன்று. அதை நடத்தியவரை ஊரே பெரிய டாக்டர் என்றுதான் அழைக்கும். நாங்களும் அப்படியே அழைத்தோம். நாமக்கல்லில் அப்போது எந்தத் தெருவில் நுழைந்தாலும் லாரிக்குக் கூடு கட்டும் சுத்தியல் சத்தம் கேட்கும். ஜாக்கி நழுவி விரல் நசுங்கியவர்கள், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஏறி விழுந்தவர்கள், கரும்பு வெட்டும்போது காலை வெட்டிக்கொண்டவர்கள் என்று எங்களுக்கு வேலை ஓயாது. கடலில் அடிபட்டு ஒருவர் அங்கே வருவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டோம். நானே ஆட்டையாம்பட்டியில் தறிச் சத்தத்துக்குள் பிறந்தவள். மருத்துவக் கல்லூரிக்குப் போன பிறகுதான் கடலைப் பார்த்தேன்.

அன்று காலை கூட்டம் அதிகம். பெரிய டாக்டர் என் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கட்டுப் போடற ரூம்ல ஒரு டிரைவர் படுத்திருக்காரும்மா. கழுத்துல சீழ் கட்டியிருக்குது. கீறி விட்டுட்டு வந்துரு. நான் வார்டைப் பாத்துட்டு வாரேன்."

சாதாரண வேலை. வாரத்துக்குப் பல கட்டிகள் கீறுவோம். நான் போனபோது தட்டில் எல்லாம் தயாராக இருந்தது. செவிலியர் கழுத்தைத் துடைத்து மருந்து தடவி வைத்திருந்தார்.

படுத்திருந்தவர் பெயர் பொன்னுசாமி. முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உழைத்த உடம்பு. இடது தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கி, தோல் சிவந்து பளபளத்தது. காய்ச்சல் அனலாக அடித்தது. கால்மாட்டில் அவருடைய மனைவி பாவாயி அவரது சட்டையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய அண்ணன் செங்கோடன். அவரும் லாரி டிரைவர்தான்.

கத்தியை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வியாவது கேட்பது என் வழக்கம். "எப்படி ஆரம்பிச்சுது?" என்றேன்.

"மீன் குத்திருச்சுங்க." குரல் கரகரத்தது. வாயை அவரால் முழுதாகத் திறக்க முடியவில்லை.

"முள்ளு தொண்டையில மாட்டிக்கிச்சா?"

"இல்லீங்க டாக்டரம்மா. வெளிய இருந்து குத்துச்சுங்க."

செவிலியர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"தூத்துக்குடிக்கு உப்பு லோடுக்குப் போயிருந்தேனுங்க. மழை புடிச்சுக்கிச்சு. உப்பு ஏத்த முடியாதுன்னுட்டாங்க. அங்க பழக்கமான ஒருத்தரு, சும்மா படுத்திருக்கறதுக்குப் படகுல வாங்கன்னு கூப்புட்டாருங்க. நானும் கடலுக்குள்ளார போனதில்லையே, பாக்கலாமுன்னு போனேன். பொழுது உளுந்ததும் பெட்ரோமாக்சு பத்த வெச்சாங்க. நான் அதும் பக்கத்துல உக்காந்திருந்தேனுங்க. தண்ணிக்குள்ள இருந்து வெள்ளையா என்னமோ பறந்து வந்துச்சு. கல்லெடுத்து அடிச்ச மாதிரி இருந்துச்சுங்க. கைய வெச்சுப் பாத்தா கழுத்துல மீனு தொங்குது."

"அப்புறம்?"

"புடுங்கிக் கடல்ல எறிஞ்சுட்டேனுங்க. முரலுன்னு, ஊசி மூக்கு மீனுன்னு சொன்னாங்க. வெளக்கப் பாத்தா அப்படித்தான் பாயுமாமாங்க."

கரைக்கு வந்ததும் அங்கே ஒரு மருத்துவர் காயத்தைக் கழுவி, ஊசி போட்டு, ஒரு தையலும் போட்டிருக்கிறார். காயம் துவரம்பருப்பு அளவுதான். மறுநாள் மழை விட்டதும் உப்பை ஏற்றிக்கொண்டு பொன்னுசாமி ஊர் திரும்பிவிட்டார். காயம் ஆறிவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். பத்து நாள் கழித்து வீக்கம் எழுந்திருக்கிறது.

"எறியறதுக்கு முன்னால மீனோட மூக்கு முழுசா இருந்துச்சா, பாத்தீங்களா?"

"பாக்கலீங்க. பயத்துல ஒடனே எறிஞ்சுட்டேனுங்க."

வீக்கத்தின் மேல் கையை வைத்தேன். இங்கே என் பேராசிரியர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழுத்து வீக்கம் உள்ள நோயாளி வந்தால் எங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தொடச் சொல்வார். ஒற்றை விரலால் தொட்டால் அடித்து அனுப்புவார். இரண்டு கையின் விரல்களையும் வீக்கத்தின் இரு பக்கமும் வைக்க வேண்டும். துடிப்பு இருக்கிறதா என்பது அவருக்குப் போதாது. விரல்கள் ஒன்றுக்கொன்று விலகுகின்றனவா என்று கேட்பார். நல்ல ரத்தக் குழாயின் மேல் உட்கார்ந்திருக்கும் சீழ்க்கட்டி விரலைத் தூக்கி இறக்கும். குழாயே கிழிந்து பை போல ஊதியிருந்தால் விரல்களைப் பக்கவாட்டில் தள்ளும்.

என் விரல்கள் விலகின. ஒவ்வொரு துடிப்புக்கும் விலகின. ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். வாய்க்கால் மதகில் தண்ணீர் இழுப்பது போலச் சத்தம் வந்தது.

நமக்குத் தெரியும், அந்த இடத்தில்தான் கழுத்துத் தமனி இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை முகத்துக்கு, இன்னொன்று மூளைக்கு. அதன் மேல் நான் கத்தியை வைத்திருந்தால் அந்த அறையை விட்டு அவர் உயிரோடு வெளியே வந்திருக்க மாட்டார்.

தட்டைத் துணியால் மூடச் சொன்னேன். செவிலியர் என் முகத்தைப் பார்த்தார். "கீறலீங்களா டாக்டர்?"

"இல்லை. யாரும் தொட வேண்டாம். அவரை எழுப்பி உட்கார வைக்கவும் வேண்டாம்."

பெரிய டாக்டரை வார்டில் பிடித்து, நோயாளிகளுக்குக் கேட்காதபடி ஓரமாக அழைத்துப் போனேன். சொன்னதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"கட்டிக்கு அடியில பெரிய குழாய் ஓடுது. துடிப்புத் தெரியத்தானம்மா செய்யும்? காய்ச்சல் வேற அடிக்குது. இன்னும் நேரம் போனா சீழு மூச்சுக்குழாயை அமுக்கிரும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். சீழும் இருந்தது. கீறாமல் விட்டாலும் ஆபத்து. எனக்கு அப்போது அங்கே ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் என் அப்பா வயதுக்காரர். ஆனாலும் விடவில்லை.

"நீங்க வந்து ஒரு தடவை ரெண்டு கையும் வெச்சுப் பாருங்க சார். அதுக்கப்புறமும் கீறச் சொன்னீங்கன்னா, நான் கீற மாட்டேன். ஆனா நீங்க கீறும்போது பக்கத்துல நிப்பேன்."

அவர் வார்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். இரு கை விரல்களையும் வைத்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். அந்தத் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே போய் வைத்துவிட்டு வந்தார்.

வராந்தாவில் நின்றுகொண்டு, "கோயமுத்தூருக்கு அனுப்பிரலாம்" என்றார். "இது நம்ம எடத்துல செய்யற வேலை இல்லை. சேலத்துலயும் இதுக்கு ஆளில்லை. நீ எத்தனை செஞ்சிருக்கே?"

"துணைக்கு நின்னிருக்கேன் சார். தனியாச் செஞ்சதில்லை."

"அப்ப அனுப்பிரலாம்."

நானும் அனுப்புவதுதான் சரி என்று நினைத்தேன். அதைச் சொல்லத்தான் பாவாயியிடம் போனேன். அப்போது பேச்சுவாக்கில் ஒரு கேள்வி கேட்டேன், காயத்திலிருந்து ஏதாவது வடிந்ததா என்று.

"சீழு வரலீங்க. காத்தால தலகாணியில ரத்தம் இருந்துச்சுங்க. ஒரு ரூவாத் துட்டு அகலத்துக்கு. அப்புறம் நின்னுபோச்சு. பல்லுல இருந்து வந்திருக்குமுன்னு நெனச்சேனுங்க."

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய குழாய் உடைவதற்கு முன்னால் சில சமயம் இப்படி ஒரு சொட்டு ரத்தம் வந்து நிற்கும். அதற்குப் பிறகு நமக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

பாவாயியை உட்கார வைத்தேன். செங்கோடனும் கூட இருந்தார். ஒளிக்காமல் சொன்னேன். உள்ளே குழாய் கிழிந்திருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் உடையலாம். கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, இதைச் செய்து பழகியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் போகும் வழியில் உடைந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இங்கேயே செய்யலாம், நான் இதைத் தனியாகச் செய்ததில்லை. மூளைக்குப் போகும் கிளையைக் கட்ட வேண்டி வந்தால் வலது கையும் காலும் விழுந்துபோகலாம். உயிரும் போகலாம்.

அவள் அழவில்லை. சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த ரோட்டுல நான் அவரு கூட லாரியில போயிருக்கேனுங்க. பாயில படுத்திருந்தாலும் தூக்கித் தூக்கிப் போடும். நாலஞ்சு மணி நேரம் அவரு கழுத்து தாங்குமுங்களா?"

"தெரியலை."

"உங்களுக்குச் செய்யறதுக்கு என்ன வேணுமோ அதச் சொல்லுங்க. எங்கண்ணன் கொண்டாந்து தருவாரு. இங்கயே செய்யுங்க."

பெரிய டாக்டர் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நான் அசிஸ்ட் பண்றேன்மா" என்றார். அத்தனை வயதும் பெயரும் உள்ளவர் என் கைக்குக் கீழே நிற்க முன்வந்தது எனக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதை இப்போதும் வார்த்தையில் சொல்ல வரவில்லை.

எங்களுக்கு வேண்டியவை மூன்று. ரத்தம், மயக்க மருந்து டாக்டர், உள்ளே என்ன இருக்கிறது என்ற தெளிவு.

எக்ஸ்ரே எடுத்தோம். இடது காதுக்குக் கீழே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தது. அது மீனின் மூக்குதான் என்று எனக்குப் பட்டது. பெரிய டாக்டர் சந்தேகப்பட்டார். மண்டையோட்டிலிருந்து அந்த இடத்தில் ஊசி போல ஓர் எலும்பு இறங்குகிறது. சிலருக்கு அது இயல்பாகவே நீளமாக இருக்கும். படத்தில் அதுவும் இப்படித்தான் விழும். மீனின் மூக்கு என்பதை அவரால் மறுக்க முடியவில்லை, என்னாலும் நிரூபிக்க முடியவில்லை. உள்ளே எதுவும் இல்லையென்றால் தமனியைக் கட்டுப்படுத்தி, கிழிசலைச் சரிசெய்து, சீக்கிரம் வெளியே வந்துவிடலாம். இருந்தால் அதைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். விட்டுவிட்டு மூடினால் சீழ் பிடித்து, போட்ட முடிச்சே அறுந்துவிடும்.

நான் செங்கோடனிடம் கேட்டேன். "சேலத்துல கடல் மீன் கிடைக்குமில்லைங்களா? முரல் ஒண்ணு வாங்கிட்டு வர முடியுமா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. "எத்தன கிலோங்க?" என்றார்.

"கிலோக் கணக்கு வேண்டாம். தலை முழுசா இருக்கணும். மூக்கு உடையாம இருக்கணும்."

மயக்க மருந்து டாக்டரும் சேலத்திலிருந்துதான் வர வேண்டும். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், செவ்வாய்ப்பேட்டையில் வீடு. மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு நடுவே அவருடைய சந்துக்குள் கார் நுழைவதே பெரும்பாடு. பெரிய டாக்டர் தொலைபேசியில் அவரைத் தயாராக இருக்கச் சொன்னார். செங்கோடன் மருத்துவமனைக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும் வழியில் லாரி ஸ்டாண்டில் நிறுத்தி நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசலில் ரத்தம் கொடுக்க டிரைவர்கள் வந்து நின்றார்கள். எல்லோரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டுதான் வந்தார்கள். அவர்களில் பலருக்குப் பொன்னுசாமியைத் தெரியாது. ஒருவர் மட்டும், "ஏனுங்க, மீனா குத்துச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கார் திரும்பியபோது மயக்க மருந்து டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார்.

"ஏம்மா, என்னை ஆபரேஷனுக்குக் கூப்பிட்டியா, மீன் கொழம்புக்கா? வழியெல்லாம் ஐஸ் தண்ணி ஒழுகி என் செருப்பே நனைஞ்சு போச்சு."

செங்கோடன் கூடையை இறக்கி வைத்தார். பனிக்கட்டிக்குள் இரண்டு விதமான மீன்கள் இருந்தன. இரண்டும் ஒல்லியாக, நீளமாக, வெள்ளியைப் போல மின்னின. "ரெண்டையுமே முரலுங்கறாங்க. எது வேணுமுன்னு தெரியல. ரெண்டையும் வாங்கியாந்துட்டனுங்க" என்றார்.

நான் அவற்றைக் கையிலெடுத்துப் பார்த்தேன். ஒன்றுக்குக் கீழ்த்தாடை மட்டும் ஊசி போல நீண்டிருந்தது, மேல்தாடை குட்டை. இன்னொன்றுக்கு இரண்டு தாடையும் நீளம். அதன் வாயைத் திறந்தால் கத்தரிக்கோல் திறப்பது போலத் திறந்தது. உள்ளே கூரான பற்கள் ரம்பம் போல வரிசையாக இருந்தன.

இரண்டையும் ஒரு தட்டில் வைத்துப் பொன்னுசாமியிடம் கொண்டுபோனேன். காய்ச்சலில் அவர் கண் சொருகியிருந்தது. மீனைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இதுல எது? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அவர் விரலைத் தூக்கி இரட்டைத் தாடை மீனைக் காட்டினார். "இதானுங்க. எறியறப்ப கையில வாயத் தொறந்து தொறந்து மூடுச்சு. ரெண்டு மூக்கு."

"உறுதியாத் தெரியுமா?"

"இதானுங்க. கனவுலயும் இதாங்க வருது."

அடுத்து நாங்கள் செய்ததைக் கேட்டு எக்ஸ்ரே எடுப்பவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கறிக்கடையிலிருந்து ஓர் ஆட்டுத்தொடை வாங்கி வரச் சொல்லி, மீனின் மூக்கை வெட்டி அதற்குள் செருகி, பொன்னுசாமிக்கு எடுத்த அதே அளவில் படம் எடுக்கச் சொன்னேன். ஈரம் காயாத இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அதே மெல்லிய கோடு. ஓரத்தில் அதே நுண்ணிய பிசிறு. மனித எலும்புக்கு அந்தப் பிசிறு கிடையாது.

"சரிதான்" என்றார் பெரிய டாக்டர்.

நான் இன்னொன்றையும் கவனித்தேன். ஆட்டுத்தொடைக்குள் நாங்கள் செருகியது இரண்டு தாடைகள். படத்தில் விழுந்தது ஒரே கோடு. ஒன்றின் மேல் ஒன்று படிந்ததால் ஒன்றாகத் தெரிந்தது. மீனின் தாடையைக் கத்தியால் கீறிப் பார்த்தபோது எலும்பு பச்சையாக இருந்தது. பாசி பிடித்த பச்சை. ரத்தத்துக்கு நடுவே எதைத் தேடப் போகிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அறுவை சிகிச்சையின் விவரங்களைச் சொல்லி உங்களைச் சோர்வடைய வைக்க மாட்டேன். புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. மூன்று இடங்களில் நான் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, வீக்கத்தை நான் தொடவே இல்லை. அதற்குக் கீழே, நல்ல கழுத்தில், சுத்தமான இடத்தில் தமனியைத் தேடி, வேண்டும்போது இறுக்கி ரத்தத்தை நிறுத்த ஒரு நாடாவைச் சுற்றினேன். மேலே சீழ் பொங்கிக்கொண்டிருக்க, கீழே பொறுமையாக வேலை செய்வது கடினம். மயக்க மருந்து டாக்டர், "எதுக்கு இவ்வளவு கீழ போறே? நேரம் ஆகுதே" என்றார். "பிடி இல்லாம மேல போக மாட்டேன் சார்" என்றேன். அந்த நாடா கைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

பிறகு வீக்கத்தைத் திறந்தோம். சீழும் பழைய ரத்தக் கட்டியும் வந்தன. அதற்கடியில் பச்சையாக ஒரு முனை. அதைப் பிடித்து இழுத்துவிடத்தான் கை பரபரத்தது. ஆனால் மீனின் பற்களைப் பார்த்திருந்தேன். இழுத்தால் வரும் வழியில் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு வரும். சுற்றியிருந்த சதையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து, அது தானே தளர்ந்து வரும்வரை காத்திருந்தேன். சுண்டுவிரலின் பாதி நீளம். தட்டில் வைத்தபோது டிங் என்று சத்தம் கேட்டது.

ரத்தம் பொங்கவில்லை. எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

"வந்துருச்சு. கழுவிட்டு மூடிரலாம்மா" என்றார் பெரிய டாக்டர்.

"பிரஷர் எறங்குது. சீக்கிரம் முடி" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

இதுதான் இரண்டாவது இடம். நான் செய்ததில் எதையாவது நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தேடியது கையில் கிடைத்துவிட்டது, நோயாளி தளர்கிறார், நம்மைவிட அனுபவம் உள்ள இரண்டு பேர் முடிக்கச் சொல்கிறார்கள், நமக்கும் முடித்துவிடத்தான் ஆசை. அந்த ஆசையை நம்பக் கூடாது.

"மீனுக்கு ரெண்டு தாடை சார். நமக்கு ஒண்ணுதான் வந்திருக்கு" என்றேன்.

"ரெண்டும் உடைஞ்சிருக்கணும்னு என்ன இருக்கு? ஒண்ணு மீனோடயே போயிருக்கலாம்."

"போயிருக்கலாம். தமனி கிழிஞ்சதுக்கு ஒரு காரணம் இருக்கணுமில்லையா சார்? இந்தத் துண்டு தமனியைத் தொடவே இல்லை. தள்ளித்தான் கிடந்துச்சு."

பெரிய டாக்டர் காயத்தை இன்னும் கொஞ்சம் விரித்துப் பிடித்தார். மயக்க மருந்து டாக்டர் இன்னொரு பாட்டில் ரத்தத்தைத் தொங்கவிட்டார். "சரி, தேடு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

தமனியின் பின்பக்கத்தில் விரல் நுனிக்கு ஏதோ உறுத்தியது. கோதுமை மணி அளவுக்குப் பச்சையாக ஒன்று, குழாயின் சுவரிலேயே செருகி, தன் துளையைத் தானே அடைத்துக்கொண்டு நின்றது. காலையில் வந்த ஒரு சொட்டு ரத்தம் அதன் ஓரமாகத்தான் கசிந்திருக்க வேண்டும். நாடாவை இறுக்கச் சொல்லிவிட்டு அதை எடுத்தேன். நாடா இறுகியிருந்தும் மேலேயிருந்து ரத்தம் பின்வழியாகப் பாய்ந்து என் கண்ணாடி வரை தெறித்தது. விரலை வைத்து அழுத்தினேன்.

மூன்றாவது இடம் அது. என் விரலுக்கடியில் இருப்பது முகத்துக்குப் போகும் கிளையா, மூளைக்குப் போவதா? முந்தையது என்றால் கட்டிவிடலாம். பிந்தையது என்றால் தைக்க வேண்டும், கட்டினால் அவர் கை கால் போய்விடும். விரலுக்கு அடியில் எதுவும் தெரியவில்லை. விரலை எடுத்தால் ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. அவசரப்பட்டு ஒரு முடிச்சைப் போட்டால் தீர்ந்துவிடும் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. விரலை எடுக்காமல், மற்ற கையால் மேல்நோக்கி அந்தக் கிளையைத் தொடர்ந்து போனேன். கொஞ்ச தூரத்தில் அதிலிருந்து ஒரு சிறு கிளை பிரிந்து நாக்கின் பக்கம் போனது. மூளைக்குப் போகும் குழாய் கழுத்தில் கிளை விடுவதில்லை. இது முகத்துக்குப் போவது.

கட்டினேன். நாடாவைத் தளர்த்தச் சொன்னேன். பெரிய குழாய் நிறைந்து துடித்தது. கசிவு இல்லை.

வெளியே வந்தபோது பாவாயி சுவரில் சாயாமல் நின்றுகொண்டிருந்தாள். அவர் கண் விழிக்கும்வரை எதுவும் சொல்ல முடியாது என்றேன். அவளையும் உள்ளே கூட்டிப் போனேன். மயக்கம் தெளியத் தொடங்கியபோது, "கூப்பிடுங்க" என்றேன்.

"ஏனுங்க" என்றாள். "நான்தானுங்க. கண்ணத் தொறங்க."

கண் திறந்தது.

"வலது கையத் தூக்கச் சொல்லுங்க."

"சோத்துக் கையத் தூக்குங்க. டாக்டரம்மா பாக்கோணுமாம்."

கை மெல்ல எழுந்தது. எழுந்து, அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அவள் அழுதாள். நான் முகம் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மீன் குத்தியபோதே குரலுக்குப் போகும் நரம்பும் அடிபட்டிருந்தது. பொன்னுசாமியின் குரல் அதன் பிறகும் கரகரப்பாகவே இருந்துவிட்டது. காயம் ஆறப் பல வாரங்கள் பிடித்தன.

பெரிய டாக்டர் மறுநாள் எல்லா ஊழியர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து நடந்ததை அவரே சொன்னார். "நான் கீறச் சொன்னேன். இவ கீறல" என்று மட்டும் சொல்லிவிட்டு மீதியைத் தொடர்ந்தார். அன்றிலிருந்து எங்கள் மருத்துவமனையில் இரண்டு பேர் தனித்தனியாகக் கை வைத்துப் பார்க்காமல் எந்தக் கழுத்து வீக்கத்தையும் கீறக் கூடாது என்று விதி வந்தது. அந்த இரண்டாவது ஆள் பல சமயம் அவராகவே இருப்பார்.

அடுத்த வாரமே வேறொருவர் கழுத்து வீக்கத்தோடு வந்தார். இரு கையும் வைத்துப் பார்த்தேன், காதால் கேட்டேன். வெறும் சீழ். கீறி விட்டேன். சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்விட்டார். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு தடவை கீறாமல் நின்றது சரியாகப் போனது என்பதற்காக, கீற வேண்டிய இடத்தில் நின்றுவிடக் கூடாது.

அதன் பிறகு வெகுகாலம் பொன்னுசாமியைப் பார்க்கவில்லை. ஒரு நாள் புறநோயாளிகள் வரிசையில், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உடம்பு தேறியிருந்தது. வேட்டியில் உப்புத் தூள் ஒட்டியிருந்தது.

"மறுபடியும் தூத்துக்குடியா?" என்றேன்.

"லோடு அங்கதானுங்களே இருக்குது." அந்தக் கரகரத்த குரலில் சிரித்தார்.

"படகுப் பக்கம் போகலைதானே?"

பாவாயி தன்னோடு வரவில்லை என்பதை ஒரு தடவை திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

"போனேனுங்க டாக்டரம்மா. மொத நாளு கரையிலயே நின்னுக்கிட்டேன். காலு ஏறவே மாட்டேன்னுது. இப்ப ஏறலீனா இனி எப்பவும் ஏற முடியாதுன்னு தெரிஞ்சுது. மக்யா நாளு ஏறிட்டேன்."

"வெளக்குக்குப் பக்கத்துலயா உக்காந்தீங்க?"

"இல்லீங்க" என்றார். "வெளக்கத் தள்ளி, அந்தக் கோடியில உக்காந்தேன். கழுத்துல துண்டச் சுத்திக்கிட்டு, மீனு எந்தப் பக்கம் பாயுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேனுங்க."